நாத்தனாரின் அமைதி நீராட்டு

கோழி வளர்ப்பது நாகரிகமாகிவிட்ட ஊரில், கோழியைக் குளிப்பாட்டுவது குடிமக்களின் கடமையாகிவிடுவது இயற்கை. கடமை என்று ஒன்று ஏற்பட்டால் அதை யாராவது தப்பாகச் செய்வார்கள். தப்பாகச் செய்பவர்களைப் பிடிக்க ஓர் அலுவலகம் வேண்டும். இவ்வாறாகத்தான் 'செல்லப் பறவைகள் அமைதி நீராட்டு வாரியம்' உண்டாயிற்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்பவர்கள் அலுவலகங்களுக்குப் போய்ப் பழக்கமில்லாதவர்கள்.

அதற்கு முன்பு ஊரில் நாய்தான் நாகரிகம். ஒரு நாள், பெரிய பதவியில் இருந்த ஒருவருடைய மனைவி மடியில் வெள்ளைக் கோழியோடு படம் எடுத்துப் போட்டார். அந்த மாதமே மாடி வீடுகளிலெல்லாம் கோழி ஏறிவிட்டது. நாயோடு நடைபோனவர்களைப் பார்த்து, "பாவம், இன்னும் நாயா?" என்று அனுதாபப்பட்டார்கள். பிறகு அதே அம்மாளின் கோழி, குளிக்கும்போது எதற்கோ பயந்து, தீனி எடுக்காமல் கிடந்தது. உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு பல நாடுகளுக்குப் போய் வந்தது. எந்த நாட்டிலும் கோழியைக் குளிப்பாட்டி அவர்கள் பார்க்கவில்லை; ஆனால் பல நாடுகளில் அமைதி நிலவுவதைத் தாங்களே நேரில் கண்டதாக அறிக்கையில் எழுதினார்கள். அதன் அடிப்படையில் விதி வந்தது. குளிக்கும்போது கத்துகிற கோழி, அமைதியாகக் குளிப்பாட்டப்படாத கோழி எனக் கருதப்படும். அவ்வாறு கருதப்பட்ட கோழி வாரியத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படும்.

மூன்றாம் மாடித் தையல்காரிக்கு இந்த விதி தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். விதி என்பது மற்றவர்களுக்குத்தான் என்று நம் எல்லோரையும்போல அவளும் நினைத்திருந்தாள், அவ்வளவுதான்.

கோழி நாகரிகம் வந்ததிலிருந்து மனிதர்களுக்குத் தைப்பதற்கு நடுவே அவள் கோழிகளுக்கும் சட்டை தைத்துக் கொடுத்தாள். அப்படி அளவு கொடுக்க வந்த கோழிகளில் ஒன்று அவளிடமே தங்கிவிட்டது. பழுப்பு நிறம். கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சட்டை தயாராகியும் கோழிக்குச் சொந்தக்காரி வரவில்லை. போன் செய்து கேட்டதற்கு, "அந்த நிறக் கோழியெல்லாம் இப்ப யாரும் வச்சுக்கறதில்லைங்க. நீங்களே வச்சுக்குங்க" என்று பதில் வந்தது.

வீட்டுக்குள் விட்ட முதல் நாளே கோழி ஒவ்வோர் அறையாகப் போய், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, அடுப்படி மூலையில் தலையைச் சாய்த்து யோசித்து, கடைசியில் நடுக்கூடத்தில் நின்று ஒரு நீண்ட குறை சொன்னது. தையல்காரியின் கணவன் சிரித்துவிட்டான்.

"அப்படியே எங்கக்கா மாதிரியே இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து கோழிக்குப் பெயர் நாத்தனார். உண்மையான நாத்தனாருக்கு இது இன்றுவரை தெரியாது.

கணவனுக்கு நூலகத்தில் வேலை. தொழில் காரணமாகவோ பிறவியிலேயோ, அவன் குரல் பல்லைத் தாண்டி வெளியே வராது. அந்தக் குறையைத் தையல்காரி ஈடுகட்டிவந்தாள். சொல்லப்போனால் அந்தக் கட்டடத்துக்கே அவள்தான் வாய். குழாயில் தண்ணீர் வரவில்லையா, லிப்ட் பாதியில் நின்றுவிட்டதா, எல்லோரும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் மாடிப்படியில் நின்று ஒரு சத்தம் போட்டால் தெருமுனையில் இருக்கும் தண்ணீர் அலுவலகத்தில் மோட்டார் ஓடத் தொடங்கும். அவள் கத்தும்போதெல்லாம் நாத்தனாரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கத்தும். மற்ற நேரங்களில் மெஷினுக்கு அடியில், மிதியில் வைத்திருக்கும் அவள் பாதத்தை ஒட்டி உட்கார்ந்து நூல் துண்டுகளைக் கொத்திக்கொண்டிருக்கும். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத அந்த மத்தியானங்களில் தையல்காரி அதனிடம் பேசாத விஷயமில்லை. அதன்மேல் அவளுக்கு உயிர். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கோழிக்குக் குளிக்கத் தெரியாது என்பது வீண் பழி. பால்கனித் தொட்டியில் மண்ணைக் கிளறி, படுத்து, புரண்டு, இறக்கைக்குள் மண்ணை வாரிப் போட்டு, எழுந்து உதறினால் கோழிக்குக் குளித்து முடிந்தது. நாத்தனாரும் தினமும் இப்படித்தான் குளித்தது. ஒரு நாள் அவ்வாறு குளித்துவிட்டு நேரே வந்து, தைத்து விரித்திருந்த வெள்ளைக் கவுன்மேல் உட்கார்ந்துவிட்டது. கவுன் கீழ்வீட்டுக்காரியுடையது. கீழ்வீட்டுக்காரி முதல் மாடியில் இருப்பவள். அவளிடம் ஒரு வெள்ளைக் கோழி உண்டு. அது குளிக்கும் படத்தை அவள் வாராவாரம் ஊருக்கே காட்டுவாள்.

"ஐயோ, இன்னும் மண்ணுலயா குளிக்குது?" என்று கேட்டாள் அவள். கவுனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தையல்காரி தாங்கிக்கொண்டிருப்பாள்.

மறுநாளே நீராட்டுக்கு ஏற்பாடாயிற்று. போனை வாளியின்மேல் சாய்த்துவைத்து, 'கோழியைப் பாதுகாப்பாகவும் பதற்றமின்றியும் குளிப்பாட்டுவது எப்படி' என்ற படத்தை ஓடவிட்டாள். அதில் ஒரு பெண் தாலாட்டுவதுபோன்ற குரலில் பேசினாள். அவள் சொன்னபடியே மூன்று பேசின்கள்: ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் துளி வினிகர் கலந்த நீர், ஒன்றில் வெறும் நீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. கால் வழுக்காமலிருக்க அடியில் ஒரு துணி.

"ரெண்டு இறக்கையையும் உடம்போட சேர்த்து அணைச்சுப் பிடிங்க" என்றாள் கணவனிடம். "நசுக்காதீங்க. அது உங்க லைப்ரரி புக் இல்ல."

"பிடிச்சுட்டேன். கண்ணுல என்னமோ கோபம் தெரியுதே?"

"அது எப்பவும் அப்படித்தான். மெதுவா இறக்குங்க. தலை நனையக்கூடாது."

நாத்தனார் நீருக்குள் இறங்கியது. சுற்றிலும் பார்த்தது. குறை சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் வெதுவெதுப்பு வயிற்றுக்கு ஏறிவிட்டது. வாயை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கண்களும் மூடிக்கொண்டன. கழுத்து மெல்லச் சாய்ந்து கணவனின் கட்டைவிரல்மேல் படுத்தது.

"தூங்கிடுச்சு" என்றான் கணவன். அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

போனில் அந்தப் பெண், "இப்போது நுரையை மிக மிக மெதுவாக..." என்று தொடங்கினாள். அந்த இடத்தில் விளம்பரம் புகுந்தது. மூட்டுவலித் தைலம். மூட்டுவலிக்காரர் ஒருவர் உயிர் போகிற மாதிரி அலறினார்.

நாத்தனார் விழித்துக்கொண்டு பதிலுக்கு அலறியது. விளம்பரத்தை நிறுத்தத் தெரியாமல் தையல்காரி அலறினாள். கணவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டுவிட்டான். நுரையோடு எழுந்த கோழி, கூடத்தைத் தாண்டி, படிகளில் இறங்கி, திறந்திருந்த கீழ்வீட்டுக்குள் நுழைந்து, படமெடுக்க உட்கார்ந்திருந்த வெள்ளைக் கோழியின்மேலேயே போய் விழுந்தது. வெள்ளைக் கோழியும் கத்தியது. ஆனால் அது அப்போது குளித்துக்கொண்டிருக்கவில்லை. ஆகவே சட்டப்படி அதன்மேல் குற்றமில்லை.

கீழ்வீட்டுக்காரி வாரியத்துக்குப் போன் செய்தாள். வாரியம் அடுத்த தெருவில்தான் இருந்தது. தீப்பிடித்தால்கூட வராத வேகத்தில் வந்துவிட்டார்கள்: ஓர் ஆய்வாளரும், கையில் மூடிய கூண்டோடு ஒரு துண்டம்மாவும். கோழியைச் சுற்றிப் பிடிக்கும் துண்டுக்குப் பொறுப்பானவர் என்பதால் துண்டம்மா. இருவரும் பஞ்சு வைத்த செருப்பு அணிந்திருந்தார்கள். தையல்காரி அப்போது நாத்தனாரைப் பிடித்துவந்து ஹேர் டிரையரால் காயவைத்துக்கொண்டிருந்தாள். சூடான காற்றில் கோழி இறக்கையை விரித்துக் காட்டி, சுகமாக நின்றிருந்தது.

"அம்மா, அந்தக் கருவியை நிறுத்துங்கள்" என்றார் ஆய்வாளர், ரகசியம் பேசுகிற குரலில்.

"பாதிதாங்க காஞ்சிருக்கு. ஈரத்தோட விட்டா சளி பிடிச்சுக்கும்."

"உலர்த்துதல் என்பது நீராட்டின் தொடர்ச்சி. நீராட்டு இக்கணமே தடை செய்யப்பட்டுள்ளது. எனவே உலர்த்துதலும் தடை."

"அப்ப நீங்க கொண்டுபோய்க் காயவைப்பீங்களா?"

"உலர்த்தும் பிரிவு தனி. இப்போதைக்கு அதில் ஆள் போடலை."

தையல்காரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வரிந்து கட்டிக்கொண்டு தொடங்கினாள். வாரியத்தின் பிறப்பு, வளர்ப்பு, அதற்குத் தலைவரான புண்ணியவானின் முகலட்சணம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாத்தனாரும் சேர்ந்துகொண்டது. மாடிப்படிக் கைப்பிடி நெடுகத் தலைகள் முளைத்தன. கட்டடத்துக்கே சந்தோஷம்.

"தயவுசெய்து குரலைத் தாழ்த்துங்க" என்றார் ஆய்வாளர். "கோழி கேட்டுக்கிட்டிருக்கு." பிறகு குறித்துக்கொண்டார்: உரிமையாளரும் கத்தினார்.

நாத்தனாரைத் துண்டில் சுற்றிக் கூண்டில் வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் உரிமையாளர் வாரியத்துக்கு வந்து, அதிகாரிகளின் முன்னிலையில், கோழியை அமைதியாகக் குளிப்பாட்டிக் காட்டி மீட்டுச்செல்ல வேண்டும். தவறினால் கோழி நிரந்தர அமைதிப் பிரிவுக்கு மாற்றப்படும். இதை ஆய்வாளர் மிகவும் கனிவாகச் சொன்னார்.

"விடாதீங்க அக்கா!" என்றார்கள் மாடிப்படியில் நின்றவர்கள். "போய் ஒரு பிடி பிடிங்க! அப்படியே லிப்ட் விஷயத்தையும் கேட்டுட்டு வந்துடுங்க."

கூட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் மெஷினில் உட்கார்ந்தாள். பாதத்தின் பக்கத்தில் அந்த வெதுவெதுப்பு இல்லை. ஒரு மடிப்புக்கூடத் தைக்க ஓடவில்லை. அழுகை வந்தது. அழுகையைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவளுக்குக் கைவந்த கலை. மறுநாள் வாரியத்தின் வாசலில் காலை வைத்தபோது அழுகை ஒரு துளியும் மிச்சமில்லை.

வாரியத்தில் கதவுகளுக்குக் கம்பளி ஒட்டியிருந்தது. சுவர்க் கடிகாரம் சத்தம் போடுகிறது என்று அதன் முள்ளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். முன்மேசைக்காரர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பொதுமக்களுக்கு முன்மாதிரியாக இருக்கிறாராம். நடையில் ஓர் அம்புக்குறி நிரந்தர அமைதிப் பிரிவுக்கு வழிகாட்டியது. அந்தப் பிரிவு ஊழியர்களின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் இருந்தது. இடவசதி கருதி என்று கீழே எழுதியிருந்தது. அதைத் தையல்காரி இரண்டு தரம் படித்தாள்.

எங்கோ சுவருக்கு அப்பாலிருந்து ஒரு கத்தல் கேட்டது. நாத்தனாரின் குரல்தான். ஆயிரம் கோழிக்கு நடுவிலும் அவளுக்குத் தெரியும்.

"என் கோழி எங்கய்யா?" என்று அவள் போட்ட சத்தத்தில் முன்மாதிரி விழித்துக்கொண்டது.

அமைதி அலுவலர் என்ற பதவியில் இருந்தவர் உள்ளேயிருந்து வந்தார். பருத்த கை, மெத்தென்ற குரல். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு வேலையை முடித்தும் யாரும் பார்த்ததில்லை.

"உட்காருங்கம்மா."

"உட்கார வரலை. கோழியைக் கொண்டாங்க. குளிப்பாட்டிக் காட்டறேன், எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா. ஆனா நீங்க கோபமா இருக்கீங்களே."

"கோழியைப் பிடிச்சு வச்சுக்கிட்டா கோபம் வராதா?"

"வரும். நியாயமான கோபம். ஆனா உரிமையாளரின் பதற்றம் கோழிக்குத் தொற்றும்னு விதியில இருக்கு. நீங்க அமைதியாகாம கோழியைத் தர முடியாது."

"கோழியைக் கொடுத்தா அமைதியாயிடுவேன்யா!"

"அமைதியானா கோழியைக் கொடுத்துடுவோம்" என்றார் அலுவலர். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறோம் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி. "ஒண்ணு பண்ணலாம். நாங்களே உங்களை அமைதிப்படுத்திடறோம். அதுக்கு வசதி இருக்கு."

"என்ன வசதி?"

"மனுஷங்களுக்குன்னு தனியா முறை எதுவும் விதியில இல்லைங்க. கோழிக்குள்ள முறைதான் இருக்கு. அதையேதான் செய்யணும்."

இது தவறு என்று வாரியத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முறை ஒன்று இருக்கிறது. அமைதிப்படுத்த வேண்டிய ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இறக்கை இல்லாதது முறையின் குற்றமல்ல.

துண்டம்மா பின்னாலிருந்து வந்து, ஒரு பெரிய துண்டை விரித்து, கை இரண்டும் உடம்போடு ஒட்டும்படி தையல்காரியைச் சுற்றிவிட்டாள். பழகிய கை. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் நாற்காலியில் உட்காரவைத்தாயிற்று. கண்ணின்மேல் மெல்லிய துணி விழுந்தது.

"விடுங்கடி என்னை! யாரு மேல கைவைக்கறீங்க? ஊரைக் கூட்டிடுவேன்!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள் துண்டம்மா. "அவ்வளவுதான். ஒண்ணுமே இல்ல." முழங்கையை விட்டுப் பார்த்த நீரில் அவளுடைய பாதங்களை எடுத்து வைத்தாள்.

தையல்காரி மேலும் கத்தினாள். லிப்டைப் பற்றியும் கத்தினாள். நடுவில் வெதுவெதுப்பு கணுக்காலுக்கு ஏறியது.

பாவாடை கட்டத் தெரிந்த நாளிலிருந்து அவள் பாதம் மிதியில் இருக்கிறது. பிறந்த வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, "கொஞ்சம் காலை நீட்டிக்கோ" என்று அவளிடம் சொன்னவர் கிடையாது. கணவன் நல்லவன்தான், அவனுக்குத் தோன்றியதில்லை. இப்போது யாரோ ஒருத்தி குதிகாலைக் கையில் ஏந்தி, சோப்பு நீரிலிருந்து எடுத்து, வினிகர் நீரில் வைத்து, வெறும் நீரில் அலசினாள். பிடரியிலிருந்து முதுகுவரை ஒரே சீராகத் தடவிக்கொடுத்தாள். தையல்காரியின் கோபம் இறங்குவது அவளுக்கே தெரிந்தது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் பொறுத்து நிறுத்தலாம் என்று தோன்றியது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

விழித்தபோது பாதத்தில் சூடான காற்று வந்துகொண்டிருந்தது. உலர்த்தும் பிரிவில் ஆள் போட்டுவிட்டார்கள்போலும்.

"வாழ்த்துகள்" என்றார் அலுவலர், அமைதிச் சான்றிதழை நீட்டி. "இப்படியொரு முழு அமைதி இந்த வாரியத்துல இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லை. கோழிகளுக்கும் சேர்த்துதான் சொல்றேன்."

நாத்தனாரைக் கொண்டுவந்தார்கள். ஒரே இரவில் இளைத்திருந்தது. பாதி காய்ந்த இறகுகள் அப்படியே விறைத்து நின்றன. தையல்காரியைக் கண்டதும் கூண்டின் கம்பியில் மோதி நிமிர்ந்து, ஒரு கத்தல் கத்தியது. மாடிப்படியில் அவளோடு நின்று கத்துமே, அதே கத்தல். தொடங்கிவைத்துவிட்டு, அவள் சேர்ந்துகொள்வதற்காகக் காத்திருந்தது. தலையைச் சாய்த்து அவள் வாயையே பார்த்தது.

தையல்காரி வாயைத் திறந்தாள். கொட்டாவி வந்தது.

"பாத்தீங்களா" என்றார் அலுவலர். "நீங்க அமைதி. அது அமைதியில்ல. இப்ப நீங்க அதைத் தொட்டா அதோட பதற்றம் உங்களுக்குத் தொத்திக்கும். சான்றிதழை நாங்க ரத்து பண்ண வேண்டியிருக்கும். மறுபடி துண்டு, மறுபடி தண்ணி... உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"அப்ப என்ன செய்யறது?" என்று அவள் கேட்டாள். தன் குரல் தனக்கே பக்கத்து வீட்டுக் குரல்போலக் கேட்டது.

"நாங்க பாத்துக்கறோம்."

இந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பது அலுவலகத்துக்கு ஒரு முறையாவது போய்வந்த எவருக்கும் தெரியும். தையல்காரிக்கும் தெரியும். நேற்றுவரை இந்த வார்த்தையைச் சொன்ன வாயை அவள் சும்மா விட்டதில்லை. ஆனால் பாதம் இன்னும் இதமாக இருந்தது.

"பாத்துக்குங்க" என்றாள்.

கட்டடத்து வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்னக்கா ஆச்சு? கிழிச்சீங்களா?"

"நல்ல மனுஷங்க. உட்காரவச்சுப் பேசினாங்க."

"கோழி?"

"பாத்துக்கறாங்களாம்."

"லிப்ட்?"

"என்ன அவசரம்? படியில ஏறினா காலுக்கு நல்லதுதானே."

அவளுக்கு மருந்து எதுவோ கொடுத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார்கள். அவள் உட்கார்ந்து, பாதத்தை நீட்டி, துண்டு, வெந்நீர், தடவிக்கொடுத்தது எல்லாவற்றையும் விவரித்த பிறகு அவர்களுடைய நினைப்பு மாறியது. எவ்வளவு நேரம் தடவுவார்கள் என்று ஒருவர் கேட்டார். மறுநாள் வாரியத்தின் வாசலில் வரிசை நின்றது. அவரவர் வீட்டிலிருந்தே துண்டு கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீர் வராத கோபம், வீட்டுவரிக் கோபம், ஓய்வூதியம் கிடைக்காத கோபம் என்று எந்தக் கோபமானாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கூடவே ஒரு கோழி இருந்தால் போதும். கோழி இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்துவந்தார்கள். நன்றாகக் கத்துகிற கோழிக்கு ஏகக் கிராக்கி.

இந்த வெற்றியைக் கண்டு மற்ற அலுவலகங்களும் அமைதி நீராட்டை மேற்கொண்டன. அங்கே பெரிய மாற்றம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வந்தவரின் கையைக் கட்டுவது, கண்ணை மறைப்பது, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தடவிக்கொடுப்பது எல்லாம் அங்கே முன்பே நடைமுறையில் இருந்தன. வெந்நீர் மட்டும்தான் புதிது.

கணவனுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. வீட்டில் சத்தமே இல்லாதது அவனுக்கு முதலில் சுகமாக இருந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

"நாத்தனாரைப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டான். "கெடு முடியப்போகுதே."

"உங்களுக்கு எதுக்குங்க வீண் பதற்றம்?"

இருந்தும் போனான். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரிடம் சண்டை போடுவதென்று முடிவு செய்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். அமைதி அலுவலர் முன்னால் நின்று, "என் கோழியை உடனே கொடுங்க!" என்று முழு பலத்தோடு கத்தினான். அலுவலர் அவன் வாய் அசைந்ததைக் கவனித்தார். என்ன கண்ணியம் என்று வியந்தார். துண்டுகூட இல்லாமல் இவ்வளவு அமைதியான மனிதரைப் பார்த்ததில்லை என்று சொல்லி, அந்த இடத்திலேயே சிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவைத்தார். அமைதியான மனிதருக்குக் கோழியால் என்ன பயன் என்றும் கேட்டார். கணவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவும் சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை.

சான்றிதழைத் தையல்காரி தன்னுடையதற்குப் பக்கத்திலேயே மாட்டினாள்.

இதற்குள் ஊரில் நாகரிகம் மாறிவிட்டது. அந்தப் பெரிய பதவிக்காரரின் மனைவி மடியில் ஆமையோடு படம் எடுத்துப் போட்டிருந்தார். ஆமை கத்துவதில்லை, ஓடுவதில்லை, தண்ணீரைக் கண்டு பயப்படுவதில்லை. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கோழிகள் எங்கே போயின என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வாரியத்தில் இப்போது ஒரே ஒரு கோழிதான் மிச்சம். அதுவும் போய்விட்டால் வாரியத்தையே மூடவேண்டியிருக்கும் என்பதால் கெடு முடிந்தும் அதை வைத்திருந்தார்கள். ஊரில் ஒருவரும் குரல் உயர்த்தாத காலமாகையால், நாத்தனார் கத்துவது அடுத்த தெருவுக்கு மட்டுமல்ல, அதற்கு அடுத்த தெருவுக்கும் துல்லியமாகக் கேட்டது. கத்தும். கொஞ்சம் நிறுத்தும். யாரோ சேர்ந்துகொள்ளப் போகிறார்கள் என்பதுபோல. மறுபடி கத்தும்.

கீழ்வீட்டுக்காரி ஆமைக்குச் சட்டை தைக்க வந்தாள். ஓட்டின்மேல் எப்படிப் போடுவது என்று தையல்காரி நாடாவை வைத்து அளந்துகொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே அந்தக் கத்தல் வந்தது.

"எந்நேரமும் இதே சத்தம்" என்றாள் கீழ்வீட்டுக்காரி. "ஆமை தலையையே வெளிய நீட்ட மாட்டேங்குது. எல்லாருமா சேர்ந்து வாரியத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கோம். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்களேன்."

தையல்காரியின் கால் மிதியில் ஒரு தரம் துள்ளியது. மிதி சில்லென்று இருந்ததால்தான் என்று நினைத்தாள். வெந்நீர் வைத்துக்கொள்ள வேண்டும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த கணவன் ஏதோ சொன்னான்.

இனி ஆமைகளின் அமைதியும் தன் பொறுப்பு என்று ஆகிவிட்டதால் மூடுவிழாப் பயம் நீங்கிய வாரியம், மனுவின்மேல் உடனடி நடவடிக்கை எடுத்தது. கீழ்வீட்டுக்காரியின் போனுக்குப் பிறகு வாரியத்தின் வரலாற்றில் அது இரண்டாவது உடனடி. ஆமைச் சட்டையைப் போட்டுப் பார்க்கக் கீழ்வீட்டுக்காரி மறுபடி வந்திருந்த மத்தியானம், தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கத்தல் பாதியில் நின்றது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மறுபடி வரவில்லை.

"அப்பாடா!" என்றாள் கீழ்வீட்டுக்காரி. "கேட்கறதுக்குன்னு ஒரு வாரியம் இருக்கறது எவ்வளவு நல்லதா போச்சு பாருங்க. யார் வீட்டுக் கோழியோ, பாவம்."

"யாரோ, வளர்க்கத் தெரியாதவங்க" என்றாள் தையல்காரி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.